புற்றுநோய் ஆய்வில் முதல் கிராண்ட்: எதற்கு முதலில் விண்ணப்பிப்பது?

பிஎச்டி முடிந்து, போஸ்ட்டாக்கும் (பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) சில வருடம் ஓடி, இனி சொந்தமாக ஒரு ஆய்வகம் தொடங்கலாமா என்று யோசிக்கிற புற்றுநோய் ஆய்வாளர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தக் கட்டத்தில் எல்லோரும் முதலில் கேட்பது, எந்தக் கிராண்டில் (ஆய்வு நிதியுதவியில்) தொகை அதிகம் என்று. என்னைக் கேட்டால் அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது, அந்தப் பணத்தில் உங்கள் சம்பளமும் அடக்கமா, இல்லை ஏற்கெனவே நிரந்தர வேலையில் இருப்பவருக்குத்தான் தருவார்களா என்பது. அடுத்தது, உங்கள் வயதையும் பிஎச்டி முடித்த வருடத்தையும் வைத்துப் பார்த்தால் அந்தக் கதவு எப்போது மூடுகிறது என்பது. இந்த இரண்டையும் பார்த்த பிறகு பெரும்பாலானவர்களுக்கு மிஞ்சுவது இரண்டு மூன்று வாய்ப்புகள்தான், அவற்றுக்குள் தொகையை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அமெரிக்கன் கேன்சர் சொசைட்டி, டேமன் ரன்யன் அறக்கட்டளை, பிரிட்டனில் கேன்சர் ரிசர்ச் யு.கே. என்று பொதுமக்களின் நன்கொடையில் ஓடும் பெரிய அமைப்புகள் இளம் புற்றுநோய் ஆய்வாளர்களுக்கென்றே பணம் ஒதுக்குகின்றன. இந்தியாவில் அந்த அளவுக்கு எதுவும் இல்லை. இங்கே உங்கள் வாய்ப்புற்று புரபோசல், காசநோய், மூளை நரம்பியல், தாவர உயிரியல் என்று எல்லாவற்றோடும் ஒரே வரிசையில் நிற்கும், அதை மதிப்பிடும் குழுவில் புற்றுநோய் தெரிந்தவர் ஒருவர் இருந்தாலே அதிர்ஷ்டம். அதனால் பி53, கேராஸ் என்று மரபணுப் பெயர்களோடு முதல் பத்தியிலேயே இறங்கிவிடாமல், கேள்வி என்ன, அது ஏன் இப்போது விடை தேடத் தகுந்தது என்று வெளியாள் ஒருவருக்குப் புரியும்படி எழுதப் பழகுவது எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பித்தாலும் உதவும்.

சரி, முதலில் இந்தியாவிலேயே இருப்பவர், நிரந்தர வேலை இல்லை, பிஎச்டி முடித்து அதிக வருடம் ஆகவில்லை. இவருக்கு மூன்று வழிகள் உண்டு.

இன்ஸ்பயர் ஃபேக்கல்டி என்பது அறிவியல் தொழில்நுட்பத் துறையின் திட்டம். ஐந்து ஆண்டு, மாதம் 1,25,000 ரூபாய், ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 7 லட்சம். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 32, பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் 37. சம்பளம் கௌரவமானது, பெயரும் நல்ல பெயர்தான், ஆனால் அந்த 7 லட்சத்தைப் புற்றுநோய் ஆய்வின் கண்ணால் ஒரு முறை பாருங்கள். சென்னையில் ஒரு ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு மாணவர்) வைத்தால் மாதம் 37,000, அதன்மேல் 30 சதவீதம் வீட்டு வாடகைப்படி, ஆக ஆண்டுக்கு 5 லட்சத்து 77 ஆயிரம். அதாவது உங்கள் மொத்த ஆய்வுப் பணமும் ஏறக்குறைய ஒரு மாணவரின் உதவித்தொகை அளவுதான். சீரம், ஆன்டிபாடி, சீக்வென்சிங், எலி என்று பட்டியல் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. கணக்கீட்டு உயிரியல் செய்பவர், டி.சி.ஜி.ஏ. (புற்றுநோய் மரபணுத் தரவுத் தொகுப்பு) போன்ற பொதுவெளித் தரவுகளை வைத்து வேலை செய்பவர் என்றால் இந்தத் தொகை தாராளமாகப் போதும். எலி மாடல் வைத்து மெட்டாஸ்டாசிஸ் (புற்று உடலில் பரவுவது) பார்க்கிறவர் இன்ஸ்பயரைச் சம்பளத்துக்கான வழியாக மட்டும் எடுத்துக்கொண்டு, ஆய்வுக்கு வேறு கிராண்ட் எழுதியே ஆக வேண்டும். இத்திட்டத்தில் அது அனுமதிக்கப்பட்டதுதான். இன்ஸ்பயர் திட்டங்களில் பணம் மாதக்கணக்கில் தாமதமானது சமீப வருடங்களில் செய்தித்தாள்களிலேயே வந்த விஷயம் என்பதால், வீட்டு வாடகையும் குழந்தையின் பள்ளிக் கட்டணமும் இந்த ஒரே சம்பளத்தை நம்பி இருந்தால் கொஞ்சம் கைக்காசு ஒதுக்கி வைத்துக்கொண்டு சேருங்கள்.

எம்.கே. பான் இளம் ஆய்வாளர் ஃபெலோஷிப், உயிரித் தொழில்நுட்பத் துறை தருவது. மூன்று ஆண்டு, மாதம் 75,000, ஆய்வுக்கு ஆண்டுக்கு 10 லட்சம். சம்பளம் குறைவு, ஆய்வுப் பணம் சற்று அதிகம். வெளிநாடு போகாமல் இங்கேயே இருக்க நினைப்பவர்களுக்காகக் கொண்டுவந்தது என்பதால் ‘வெளிநாட்டு அனுபவம் இல்லையே’ என்ற குறை இங்கே எழாது. ஆனால் புற்றுநோய் ஆய்வில் மூன்று ஆண்டு என்பது மிகக் குறுகிய காலம். விலங்குகள் மீதான ஆய்வுக்கு நெறிமுறைக் குழு அனுமதி, நோயாளி திசுவுக்கு இன்னொரு குழு அனுமதி, எலி வந்து இனப்பெருக்கம் ஆகி கூட்டம் சேர்வது என்று முதல் வருடம் அப்படியே போய்விடும். மூன்றாவது வருடம் அடுத்த வேலைக்கு விண்ணப்பம் எழுதுவதில் போகும். நடுவில் இருக்கிற ஒரு வருடத்தில் என்ன முடிக்க முடியும் என்று நேர்மையாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

மூன்றாவது, இந்தியா அலையன்ஸ். 2008இல் உயிரித் தொழில்நுட்பத் துறையும் லண்டனில் உள்ள வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து தொடங்கியது. இடையில் அடுத்த கட்டம் வருமா வராதா என்று கொஞ்ச காலம் எல்லோரையும் காக்க வைத்தார்கள், பிறகு 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை மூன்றாம் கட்டத்துக்கு ஒப்புதல் தந்தது: மொத்தம் 1,500 கோடி, அதில் 1,000 கோடி இந்திய அரசுடையது, 500 கோடி வெல்கமுடையது. இதில் தொடக்கநிலை, இடைநிலை என்று இரண்டு ஃபெலோஷிப்கள் இளம் ஆய்வாளர்களுக்கு உண்டு. சம்பளம், ஆள், கருவி, பொருள், பயணம் எல்லாம் ஒரே பட்ஜெட்டுக்குள் வரும். இடைநிலை என்றால் ஐந்து ஆண்டுக்குச் சேர்த்து மூன்று கோடி அளவில் வந்திருக்கிறது. இந்தியாவில் இளம் ஆய்வாளருக்குக் கிடைக்கும் பணத்தில், எலியும் சீக்வென்சிங்கும் ஆளும் சேர்த்து ஒரு புற்றுநோய் ஆய்வகத்தை நிஜமாகவே நடத்த முடிகிற தொகை என்று நான் நினைப்பது இதை மட்டும்தான்.

அதற்கேற்ப போட்டியும் கடுமை. முதல் சுற்றுச் சுருக்கம், பிறகு முழு விண்ணப்பம், வெளி மதிப்பீடு, கடைசியில் நேர்காணல் என்று பல மாதம் இழுக்கும். ஆனாலும், தோற்றால்கூடப் பயன் இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லக்கூடிய விண்ணப்பம் இது. முழு விண்ணப்பம் எழுதும் கட்டம்வரை போனவரிடம் ஒரு நல்ல புரபோசல் கையில் இருக்கும், அதையே சுருக்கி மற்ற இடங்களுக்கு அனுப்பலாம். அதனால் என் வரிசை இதுதான்: வயது 30, 31 ஆகி இன்ஸ்பயர் கதவு மூடப் போகிறது என்றால் இன்ஸ்பயரை முதலில் அனுப்பிவிடுங்கள், அது சின்ன விண்ணப்பம். அனுப்பிய கையோடு இந்தியா அலையன்ஸுக்கு எழுத உட்காருங்கள். இரண்டும் கிடைத்தால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும், எதை விடுவது என்று யோசிக்க ஒரு நிமிடம்கூடத் தேவைப்படாது.

அடுத்து, வெளிநாட்டில் இருப்பவர்கள். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

அமெரிக்காவில் புற்றுநோய் ஆய்வகத்தில் போஸ்ட்டாக்காக இருக்கும் நம் ஊர்க்காரருக்கு முதலில் தெரிய வேண்டியது, விசாவில் இருப்பவருக்கு எது திறந்திருக்கிறது என்பது. என்.ஐ.எச். (அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பு) தரும் எஃப்32 ஃபெலோஷிப்புக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும், அதனால் அதை மறந்துவிடலாம். டேமன் ரன்யன் ஃபெலோஷிப்புக்கு வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் ஆய்வு அமெரிக்காவில் நடக்க வேண்டும், நீங்கள் அந்த ஆய்வகத்தில் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இதை இரண்டாம் வருடத்தில் கேள்விப்பட்டு வருத்தப்படுகிறவர்கள் நிறையப் பேர். போஸ்ட்டாக் சேரப் பேச்சு நடக்கும்போதே, அடுத்த டேமன் ரன்யன் சுற்றுக்கு எழுத ஆதரவு தருவீர்களா என்று பி.ஐ.யிடம் (ஆய்வகத் தலைவரிடம்) கேட்டுவிடுங்கள். நான்கு ஆண்டுப் பணம், அதைவிட முக்கியமாக, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் சி.வி.யில் கண் நிற்கும் இடம் அது.

பெரிய பரிசு, என்.ஐ.எச். தரும் கே99/ஆர்00 கிராண்ட். 2006இலிருந்து இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை வழிகாட்டியின் கீழ், பிறகு அமெரிக்காவிலேயே உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தால் மூன்று ஆண்டு வரை சொந்தமாக. குடியுரிமை தேவையில்லை. விண்ணப்பிக்கும்போது போஸ்ட்டாக் அனுபவம் நான்கு ஆண்டுக்கு மேல் போயிருக்கக் கூடாது என்பதுதான் கத்தி. முதல் முறை நிராகரிக்கப்பட்டு திருத்தி அனுப்புவது சகஜம், அந்தத் திருத்திய விண்ணப்பமும் இந்த நான்கு ஆண்டுக்குள்ளேயே போக வேண்டும். மதிப்பீடு வந்து சேரவே பல மாதம் ஆகும் என்பதால், மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலாவது முதல் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். புதிய விண்ணப்பங்களுக்கு பிப்ரவரி, ஜூன், அக்டோபர் 12 என்று வருடத்துக்கு மூன்று தேதி.

ஆர்00 கட்டத்தில் ஆண்டுக்கு 2,49,000 டாலர் என்று கேட்டதும் கண் விரியும். ஆனால் அந்தத் தொகையில் பல்கலைக்கழகம் நிர்வாகச் செலவுக்கு எடுத்துக்கொள்ளும் ஓவர்ஹெட்டும் அடக்கம். ஆய்வுச் செலவின் மேல் ஓவர்ஹெட் 60 சதவீதம் இருக்கிற இடம் என்றால் உங்கள் கைக்கு வருவது ஏறக்குறைய 1,55,000 டாலர். ஒரு போஸ்ட்டாக், ஒரு மாணவர், எலிக்கூண்டு வாடகை என்று போனால் மூன்று ஆண்டை ஓட்டலாம், அவ்வளவுதான். உண்மையான மதிப்பு தொகையில் இல்லை. கே99 கையில் இருந்தால் வேலை தரும் துறைகள் உங்களை வேறு மாதிரி பார்க்கும், அதுதான் மதிப்பு.

இப்போது அந்தப் பக்கத்தின் நிலவரத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2025இல் ஆர்01 (சொந்த ஆய்வகம் நடத்துபவர்களுக்கான முக்கிய கிராண்ட்) விண்ணப்பங்களுக்கான தேர்வுக் கோட்டை 4ஆவது பெர்சென்டைலுக்குக் குறைத்தது. அதாவது நூறில் முதல் நான்கு இடங்களுக்குள் வந்தால்தான் நிச்சயம். ஆர்00 மூன்று ஆண்டு முடிந்ததும் நீங்கள் போய் நிற்க வேண்டிய வரிசை அதுதான் என்பதை மறக்க வேண்டாம். போதாக்குறைக்கு 2025 செப்டம்பரில் புதிய எச்1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. அமெரிக்காவுக்குள்ளேயே இருந்து விசா நிலையை மாற்றுபவர்களுக்கு அது பொருந்தாது என்று பிறகு விளக்கம் தந்தார்கள். ஆனாலும் வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க நினைக்கும் துறைத் தலைவர்கள் இரண்டு முறை யோசிக்க இதுவே போதும். நல்ல செய்தி ஒன்றும் உண்டு. ஜே1 விசாவில் போன இந்தியர்கள் பலரைக் கட்டிப்போட்ட ‘இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும்’ என்ற விதிக்கு அடிப்படையான திறன் பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியாவை எடுத்துவிட்டார்கள். அரசுப் பணத்தில் போனவர்களுக்கு அந்த விதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும், அவர்கள் தங்கள் டி.எஸ்.2019 படிவத்தை எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

திரும்பி வர நினைப்பவருக்கு? ராமலிங்கசுவாமி ஃபெலோஷிப், ராமானுஜன் ஃபெலோஷிப், இந்தியா அலையன்ஸ் இடைநிலை. மூன்றும் ஐந்து ஆண்டு. ராமானுஜன் இப்போது ஏ.என்.ஆர்.எஃப். (மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பு) கையில் இருக்கிறது: மாதம் 1,35,000, ஆய்வுக்கு ஆண்டுக்கு 7 லட்சம், வயது 40க்குள். ராமலிங்கசுவாமி உயிரித் தொழில்நுட்பத் துறையுடையது, வெளிநாட்டில் போஸ்ட்டாக் செய்துவிட்டுத் திரும்பும் உயிரியல்காரர்களுக்கென்றே உள்ளது. வயது வரம்பு மிகவும் தாராளம் என்பதால் நாற்பதைத் தாண்டியவருக்கு இதுதான் திறந்திருக்கும் கதவு. இரண்டிலுமே ஆய்வுப் பணம் மெல்லியது, இன்ஸ்பயருக்குச் சொன்ன அதே கணக்குத்தான். ஃபெலோவாக இருந்துகொண்டே வேறு துறைகளின் ஆய்வு கிராண்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது நிம்மதி.

இங்கே என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ராமலிங்கசுவாமியையோ ராமானுஜனையோ ‘வேலை’ என்று நினைத்துத் திரும்பி வராதீர்கள். அது ஐந்து ஆண்டுச் சம்பளத்தோடு வரும் நுழைவுச்சீட்டு. அதற்குள் எங்காவது நிரந்தரப் பதவிக்குத் தேர்வாகிவிட வேண்டும், உங்களுக்கு இடம் தரும் எந்த ஹோஸ்ட் நிறுவனமும் ஐந்தாவது ஆண்டின் கடைசியில் உங்களை எடுத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று விதி இல்லை. அதனால் ஃபெலோஷிப் விண்ணப்பத்தோடு சேர்த்து, ஐ.ஐ.டி., ஐசர், மத்தியப் பல்கலைக்கழகங்கள் என்று நேரடி ஆசிரியர் பணிக்கும் அதே மாதத்தில் விண்ணப்பியுங்கள். நேரடி வேலை கிடைத்தால் ஃபெலோஷிப்பை விட்டுவிடுவதில் எந்த வருத்தமும் வேண்டாம்.

வெளிநாட்டுப் பணத்தோடு இந்தியா வந்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அமெரிக்க கிராண்டில் ஒரு பங்கை இந்திய ஆய்வகத்துக்கு அனுப்பும் துணை ஒப்பந்த முறையை என்.ஐ.எச். 2025 மே மாதம் நிறுத்திவைத்தது. மற்ற வெளிநாட்டு அமைப்புகளின் பணம் என்றால் உங்கள் நிறுவனத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டுப் பணம் பெறும்) அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள், மனித மாதிரிகள் சம்பந்தப்பட்ட கூட்டு ஆய்வு என்றால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு ஒப்புதலும் வேண்டும். முதல் கிராண்டாக இதை நம்ப வேண்டாம்.

அப்புறம், வேலை கிடைத்துவிட்டவர்கள். பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, கையில் ஒரு மேசையும் பாதி உடைந்த இன்குபேட்டரும் இருக்கிறது என்ற நிலை. உங்களுக்கு நேர்வழி ஏ.என்.ஆர்.எஃப்.பின் பிரதமர் தொடக்ககால ஆய்வு கிராண்ட். பழைய செர்ப் என்ற நிதி வாரியம் இருந்த இடத்தில் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்தது ஏ.என்.ஆர்.எஃப். முன்பு புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு 30 லட்சம் தந்த ஸ்டார்ட்அப் கிராண்டை எடுத்துவிட்டு, இப்போது மூன்று ஆண்டுக்கு 60 லட்சமும் தனியாக ஓவர்ஹெட்டும் தருகிறார்கள். மூன்று ஆண்டுக்கு ஒரு மாணவர் வைத்தால் 18 லட்சம் போகும், மீதி 42 லட்சத்தில் ஒரு நல்ல மைக்ரோஸ்கோப்போ செல் கல்ச்சர் வசதியோ அமைத்துவிட்டு ஓரளவு வேலையும் செய்யலாம். சேர்ந்து எத்தனை காலத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதற்கு வரம்பு இருக்கிறது, அதனால் பாடம் நடத்தி செட்டில் ஆகிவிட்டு எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது இங்கே வேலைக்கு ஆகாது. பணி ஆணை வந்த வாரமே விதிமுறையைத் திறந்து படியுங்கள்.

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) இதற்கு மாற்றா? பாதி மாற்று. அதன் சிறு கிராண்டின் உச்சவரம்பு 2 கோடி வரை போகிறது, ஏ.என்.ஆர்.எஃப்.பைவிடப் பல மடங்கு. ஆனால் அங்கே கேட்கப்படும் கேள்வியே வேறு. இந்த ஆய்வால் இந்திய நோயாளிக்கு என்ன மாறும் என்பார்கள். செல் லைனில் (ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில்) ஒரு கைனேஸ் நொதியின் இயக்கத்தை ஆராய்கிறவர் அந்தக் கேள்விக்கு இழுத்துப் பிடித்து எழுதும் பதில் படிக்கும்போதே தெரிந்துவிடும். மருத்துவமனையில் கூட்டாளி இருந்து, வாய்ப்புற்றோ கருப்பைவாய்ப் புற்றோ நோயாளிகளின் மாதிரிகளைத் தொடர்ந்து சேகரிக்க முடியும் என்றால் ஐ.சி.எம்.ஆர். நல்ல இடம். சென்னையில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் வசதி உண்டு. அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1954இலிருந்து இயங்குகிறது, சென்னை மாநகரத்துக்கான புற்றுநோய்ப் பதிவேடு 1982இலிருந்து அங்கே நடக்கிறது, ஐ.ஐ.டி. மெட்ராஸில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி இருக்கிறது, 2025இல் 480 மார்பகப் புற்றுநோய் மாதிரிகளின் மரபணுத் தரவையும் அவர்கள் வெளியிட்டார்கள். நாமே எல்லா மாதிரியையும் முதலிலிருந்து சேகரிக்க வேண்டும் என்று எழுதுவதைவிட, இப்படி ஏற்கெனவே இருப்பதன் மேல் கட்டி எழுதும் புரபோசலுக்கு மதிப்பீட்டாளர் தலையாட்டுவார்.

எந்தக் கிராண்டாக இருந்தாலும், ஆணையில் எழுதியிருக்கும் தொகையும் சோதனை மேசைக்கு வந்து சேரும் தொகையும் ஒன்றல்ல. ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு முன்பு 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகை இருந்தது, 2022 ஜூலையில் அதை எடுத்துவிட்டார்கள், இப்போது பெரும்பாலும் 18 சதவீதம். பத்து லட்சத்துக்கு ஒரு கருவி என்று பட்ஜெட்டில் எழுதும்போது ஜி.எஸ்.டி.யைச் சேர்க்க மறந்தால் 1,80,000 எங்கிருந்து வரும் என்று பிறகு கணக்கு அலுவலகத்தின் முன் நிற்க வேண்டும். 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக வேதிப்பொருள்களுக்கு இறக்குமதி வரியை 150 சதவீதமாக்கி, ஆராய்ச்சியாளர்கள் கூச்சல் போட்டதும் சில நாட்களிலேயே 10 சதவீதத்துக்கே இறக்கினார்கள், இப்படியும் நடக்கும். கொள்முதலில் 2025 ஜூனில் ஒரு நல்ல மாற்றம் வந்தது: ஜெம் என்ற அரசுக் கொள்முதல் தளத்துக்கு வெளியே வாங்கும் அதிகாரம் அறிவியல் துறை நிறுவனங்களின் தலைவர்களுக்குத் தரப்பட்டது, மேற்கோள் கேட்காமல் நேரடியாக வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமானது. உங்கள் நிறுவனம் இந்தத் தளர்வுக்குள் வருகிறதா என்று கொள்முதல் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

புற்றுநோய் உயிரியலில் செலவின் பெரும்பகுதி குளிர்பதனத்தில் வர வேண்டிய, காலாவதியாகும் இறக்குமதிப் பொருள்கள். மார்ச் 31க்குள் செலவழிக்காத பணம் திரும்பிப் போகும் முறையில், டிசம்பரில் வந்த பணத்துக்கு மார்ச்சுக்குள் ஆன்டிபாடி வாங்கிக் குவித்து, வேண்டியது ஜூனில் இல்லாமல் போவது வழக்கமான கூத்து. இந்த இடத்தில்தான் இந்தியா அலையன்ஸ் மாதிரி, பணம் ஓரளவு சீராக வந்து, செலவுத் தலைப்புகளுக்குள் மாற்றிக்கொள்ள இடம் தரும் கிராண்ட், அதே தொகை தரும் வேறு ஒன்றைவிட நடைமுறையில் பெரியது. காகிதத்தில் ஒப்பிட்டால் இது தெரியாது. அந்தந்தக் கிராண்டை வைத்திருக்கும் யாராவது ஒருவரிடம், முதல் தவணை ஆணைக்குப் பிறகு எத்தனை மாதம் கழித்து வந்தது, இரண்டாம் தவணைக்கு யு.சி. (பணத்தைச் செலவழித்ததற்கான சான்றிதழ்) அனுப்பிய பிறகு எவ்வளவு காலம் ஆனது, இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். அவர் பெருமூச்சு விடும் நீளத்தை வைத்தே முடிவு செய்யலாம்.

மருத்துவர்களுக்குத் தனியாகக் கொஞ்சம். நீங்கள் ஆன்காலஜி முடித்து மருத்துவமனையில் இருக்கிறீர்கள், ஆய்வும் செய்ய ஆசை என்றால், மேலே சொன்ன பெரும்பாலான திட்டங்களோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. உங்களுக்குப் பணத்தைவிடப் பற்றாக்குறை நேரமும் ஆய்வு முறைப் பயிற்சியும். இந்தியா அலையன்ஸில் மருத்துவம், பொதுச் சுகாதாரத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அது ஆய்வுக்கென ஒதுக்கிய நேரத்தை உங்களுக்கு வாங்கித் தரும். அதற்கு முன்னால், டாடா நினைவு மையத்தை மையமாகக் கொண்ட தேசியப் புற்றுநோய் கிரிட் (புற்றுநோய் மருத்துவமனைகளின் கூட்டமைப்பு) நடத்தும் கிரீடோ பயிற்சிப் பட்டறைக்கு ஒரு யோசனையோடு போய், முழு ட்ரயல் புரோட்டோகாலோடு திரும்புவது நல்ல முதல் படி. பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்யும் ஆய்வுகளுக்கு கிரிட் நிதியும் தருகிறது. இந்த வகை ஆய்வில் பெரிய பணம் இல்லாமலே பெரிய விடை கிடைக்கும் என்பதற்கு டாடாவிலிருந்தே உதாரணம் உண்டு: தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு நிவோலுமாப் மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்து, அதுவும் ஆயுளை நீட்டுகிறது என்று காட்டினார்கள். மருந்து நிறுவனம் எதுவும் இந்தக் கேள்வியைக் கேட்கப் போவதில்லை. இப்படி ஒரு கேள்வி உங்களிடம் இருந்தால் முதலில் கிரிட்டைப் பாருங்கள்.

கடைசியாக ஹோஸ்ட் கடிதம். எந்த ஃபெலோஷிப்பாக இருந்தாலும் ஒரு நிறுவனத்தின் ஒப்புதல் கடிதம் வேண்டும், பலர் அதை ஒரு சடங்காக நினைத்து, கிடைத்த இடத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கடிதம் எழுதும் நேரத்தில்தான் உங்களுக்குப் பேரம் பேசும் பலம் இருக்கிறது, கிராண்ட் வந்த பிறகு இல்லை. எழுத்தில் வாங்க வேண்டியவை: எத்தனை சதுர அடி இடம், எந்தக் கட்டடத்தில், விலங்குக்கூடத்தில் உங்களுக்கு எத்தனை கூண்டு, நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத எலி வகைகளை வைக்கும் வசதி அங்கே நிஜமாகவே இயங்குகிறதா, நீங்கள் பிஎச்டி மாணவர்களுக்கு வழிகாட்டியாகப் பதிவாக முடியுமா. கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். யு.ஜி.சி.யின் 2022 பிஎச்டி விதிகள் நிரந்தர ஆசிரியர்களைத்தான் வழிகாட்டியாக ஏற்கின்றன. ஃபெலோவாக இருப்பவரை எப்படிச் சேர்ப்பது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சில இடங்களில் துறைத் தலைவரின் பெயரில் மாணவரைச் சேர்த்து நீங்கள் இணை வழிகாட்டியாக நிற்க வேண்டியிருக்கும். அந்த ஏற்பாடு ஐந்து ஆண்டு உங்களுக்கு ஒத்துவருமா என்று இப்போதே கேட்டுவிட்டால், பதில் பிடிக்காவிட்டால் காலக்கெடுவுக்கு முன் வேறு ஹோஸ்ட் தேட நேரம் இருக்கும்.